ஒரு லோடு ரப்பிஷ்

(வீட்டுத்தோட்ட ஆர்வலர்களின் மாதக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை ‘கட்டட இடிபாடுகளால் இல்லத் தோட்டம் அமைத்தல்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல தமிழ்தான். ஆனால் லாரி ஓட்டுகிறவரிடம் இதைச் சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அவருக்கு அது ‘ரப்பிஷ்’. வீட்டை இடித்தவர் ரப்பிஷ்ஷை எடுத்துப்போகப் பணம் கொடுக்கிறார். பள்ளமான மனை வாங்கியவர் அதே ரப்பிஷ்ஷைக் கொண்டுவந்து கொட்டப் பணம் கொடுக்கிறார். நடுவில் ஓடுகிற டிப்பருக்கு இரண்டு முனையிலும் கூலி. பள்ளத்துக்காரர் யாரும் அகப்படாத நாளில் அந்த லோடு ராத்திரியோடு ராத்திரியாக ஏரி உள்வாயிலோ வாய்க்கால் ஓரத்திலோ இறங்கிவிடும். காலையில் நடக்கப் போகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, ‘எவனோ கொட்டிட்டுப் போயிட்டான்’ என்பார்கள். அந்த எவனோ பெரும்பாலும் நமக்கு உறவுக்காரனாகத்தான் இருப்பான். (சிரிப்பு)

நான் தோட்டக்கலை படித்தவன் அல்ல. முப்பது வருஷம் கட்டட வேலைக்கு மேற்பார்வை பார்த்தவன். சிமெண்ட் மூட்டையை எண்ணியே தலை நரைத்தவன். அதனால் செடிகளைப் பற்றி உங்களில் பலருக்கு என்னைவிட அதிகம் தெரியும். கல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன்.

எங்கள் தாத்தா கட்டிய வீட்டை நாங்கள் இடித்தோம். பங்கு பிரிந்தது, மழைக்கு ஒழுகியது, யாரும் குடியிருக்கவில்லை. எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான். அந்த வீட்டின் முன்பாதி சுண்ணாம்பில் கட்டியது. மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அந்த மாதிரி. தேக்குக் கட்டைகளைக் குறுக்கே போட்டு, மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் தட்டிக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதித்த கூரை. பின்பாதி என் அப்பா பிற்பாடு எடுத்துக் கட்டியது. சிமெண்ட் சுவர், கான்கிரீட் தளம். அப்பாவுக்கு அதில் பெருமை உண்டு. ‘நூறு வருஷம் நிக்கும்டா’ என்பார்.

இடிக்கிற ஆட்கள் முன்பாதியில் கடப்பாரையை வைத்து நெம்பினார்கள். செங்கல் செங்கல்லாக வந்தது. ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கரணையின் விளிம்பால் தட்டினால் உதிர்ந்துவிடும். வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் தாத்தா வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படி. மூன்று நாளில் நான்காயிரம் செங்கல் அடுக்கிவிட்டார்கள். பிறகு பின்பாதிக்குப் போனார்கள். அங்கே செங்கல் உடைந்தது, சாந்து உடையவில்லை. இரண்டு செங்கல்லும் சாந்துமாகக் கட்டி கட்டியாக விழுந்தது. பிரிக்கப் பார்த்தால் செங்கல் நடுவில் பிளக்கிறது. கடைசியில் பிரேக்கர் கொண்டுவந்து நொறுக்கினார்கள். அந்தப் பாதியிலிருந்து முழுச் செங்கல் என்று எடுத்தது நூறுகூடத் தேறாது.

காரணம் எளிமையானது. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மெத்தென்றது. நெம்பினால் முதலில் விட்டுக்கொடுப்பது சாந்து. சிமெண்ட் நிறையப் போட்டுக் குழைத்த சாந்து, நம் நாட்டுச் செங்கல்லைவிடக் கடினம். அங்கே விட்டுக்கொடுப்பது செங்கல். முப்பது வருஷமாக ‘ஒண்ணுக்கு நாலு கலவை போடு, ஒண்ணுக்கு அஞ்சு போடு’ என்று கத்திக்கொண்டிருந்த எனக்கு இது புத்தகத்தில் தெரியும். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். வேலைக்காரர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்த இரண்டு குவியலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்று பொருள், ஒன்று குப்பை. இரண்டும் ஒரே சூளை மண்ணாகக்கூட இருந்திருக்கலாம். எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு என் தோட்டத்தில் கல் வேலை எதற்கும் சிமெண்டைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

குப்பையைக் கொண்டு தோட்டம் செய்வது என்றதும் படித்தவர்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறவர் நேக் சந்த். சண்டிகர் போனவர்கள் அவருடைய ராக் கார்டனைப் பார்த்திருப்பீர்கள். அவர் 1924இல் பிறந்தவர். அவருடைய கிராமம் பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. இவர் இந்தப் பக்கம் வந்தார். சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. லெ கார்பூசியே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர், கோடு போட்டாற்போல் நேர்நேராகத் திட்டமிட்ட நகரம் அது. அந்த நகரம் எழுவதற்காகச் சுற்றியிருந்த கிராமங்களை இடித்தார்கள். இடித்த வீடுகளின் ஓடு, உடைந்த பீங்கான், வளையல் துண்டு, பானைச் சில்லு எல்லாம் குவிந்து கிடந்தன. பிறந்த கிராமத்தை இழந்து வந்த மனிதருக்கு, கண்ணெதிரே இன்னும் சில கிராமங்கள் குப்பையாகிக் கிடக்கின்றன. அவர் என்ன நினைத்தார் என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து வேலை முடிந்த பிறகு சைக்கிளில் போய் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார் என்பது தெரியும். ஆற்றுப் படுகையில் விநோத உருவமுள்ள கற்களையும் சேர்த்தார்.

சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் கட்டடமே எழுப்பக்கூடாது என்று ஒதுக்கியிருந்த காட்டுப் பள்ளம் ஒன்று. அதில்தான் யாருக்கும் தெரியாமல் கட்ட ஆரம்பித்தார். அரசாங்க ஊழியர், அரசாங்க நிலத்தில், அனுமதி இல்லாமல். ஏறக்குறைய பதினெட்டு வருஷம் ரகசியம் நின்றது. 1975இல் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது, முற்றங்களும் பாதைகளும் நூற்றுக்கணக்கான சிலைகளுமாக அந்த இடம் 12 ஏக்கருக்கு விரிந்திருந்தது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளம் போட்டு, 50 வேலையாட்களையும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ. 2015இல் காலமானார். நம் நாட்டில் அனுமதியில்லாத கட்டுமானத்துக்கு இப்படி ஒரு முடிவு வாய்த்தது இந்த ஒன்றுக்குத்தான் இருக்கும். நீங்கள் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். (சிரிப்பு)

அவரை எவ்வளவு வியந்தாலும், வீட்டுத் தோட்டத்துக்கு அவர் வழி பொருந்தாது என்றே நினைக்கிறேன். அவர் கட்டியது சிற்பம். சில்லுகளைச் சிமெண்டில் பதித்து நிரந்தரமாக்கினார். பார்சிலோனாவில் கௌடி என்ற கட்டடக் கலைஞர் பார்க் குயெல் தோட்டத்தின் வளைந்த இருக்கைகளில் உடைந்த ஓடுகளைப் பதித்ததும் அதே வகை. கலைஞன் செய்தால் அது நிற்கட்டும். நாம் செய்தால்? நம்மில் ஒருவர் உடைந்த டைல்ஸைச் சிமெண்டில் பதித்து மயில் செய்கிறார் என்று வையுங்கள். பத்து வருஷத்தில் வீடு கை மாறும். வாங்கியவருக்கு மயில் பிடிக்காது. அவர் இடித்தால் கிடைப்பது மறுபடி குப்பை, முன்னைவிட மோசமான குப்பை. இதையே ஒட்டாமல் அடுக்கிய கல் பாத்தியாகச் செய்திருந்தால், ஒரு சாயங்காலத்தில் பிரித்து வேறு இடத்தில் வைத்துக்கொள்வார்.

ஒட்டாமல் கட்டுவது புதிதா? யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவில் வீட்டு வேலிகளும் தோட்ட வேலிகளும் முருகைக்கல்லால் ஆனவை. கடலோரத்துப் பவளப்பாறைக் கல்லுக்கு அங்கே அந்தப் பேர். மண்ணும் இல்லாமல் சாந்தும் இல்லாமல் வெறுமனே அடுக்கியவை. கடற்காற்றில் நிற்கின்றன. ஐரோப்பாவில் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே ஓடுகிற கல் சுவர்களும் அப்படித்தான். 2018இல் யுனெஸ்கோ, எட்டு ஐரோப்பிய நாடுகளின் பேரில் இந்தக் கைத்தொழிலை மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்திலும் மலையடிவாரக் காடுகளில் நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கிய கல்லை வரப்பில் அடுக்கி வைப்பார்கள். அதற்கு யாரும் பட்டியல் போடவில்லை.

எனக்கு அடுக்கக் கற்றுக்கொடுத்தவர் எழுபது வயதுக் கொத்தனார். பழைய கருங்கல் கட்டு வேலைக்காரர். வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். வந்ததும் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ‘சார், எல்லாக் கல்லுக்கும் ஒரு படுக்கை இருக்கு. அதைக் கண்டுபிடிச்சு அது மேல அதைப் படுக்க வைக்கணும். நிக்க வைக்கக் கூடாது’ என்றார். பிறகு நான் வைத்த முதல் வரிசையைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். நான் கல்லின் நீளப் பக்கத்தை வெளியே காட்டி வைத்திருந்தேன்; பார்க்க அழகாக இருக்கும், கல்லும் குறைவாகச் செலவாகும். அவர் கல்லைத் திருப்பி, நீளம் முழுவதும் சுவருக்குள்ளே போகும்படி வைத்தார். வெளியே தெரிந்தது ஒரு சாண் முகம்தான். ‘நீளத்தைக் காட்டினா பார்க்கத்தான் நல்லா இருக்கும். உள்ள விட்டாத்தான் பிடிக்கும்’ என்றார்.

அவர் சொன்ன மற்றவற்றை அளவோடு சொல்கிறேன், செய்கிறவர்களுக்கு உதவும். முழங்கை ஆழம் வானம் தோண்டி, அடியில் இருப்பதிலேயே பெரிய கற்களைப் போட வேண்டும். மூன்று அடி உயரச் சுவருக்கு அடி அகலம் ஒன்றரையிலிருந்து இரண்டு அடி. மேலே போகப் போக முகத்தை உள்பக்கம் சாய்க்க வேண்டும்: ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அங்குலம். தூக்குகுண்டு பிடித்துச் செங்குத்தாக எழுப்பிய பழக்கமுள்ள எனக்கு இது கண்ணை உறுத்தியது. சரிந்து விழப்போவது போல் தோன்றும். உண்மையில் அந்தச் சாய்வுதான் பின்னால் இருக்கிற மண்ணைத் தாங்குகிறது. கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் ஒட்டுக்கு நேர் மேலே இன்னொரு ஒட்டு வரக்கூடாது. உள்ளே இருக்கிற சந்துகளில் சின்னச் சக்கைக் கல்லை ஒவ்வொன்றாகக் கையால் இறுக்க வேண்டும். கூடையோடு கொட்டினால் பிற்பாடு இறங்கிச் சுவர் வயிறு தள்ளும். சிமெண்ட் சுவரில் மண்ணின் ஈரம் வெளியேறப் பைப்பு வைக்கிறோம். இங்கே சுவர் முழுக்க வழிதான். மழை பெய்தால் நீர் சந்து வழியே வடிந்துவிடும், பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளாது. மூன்று அடிக்கு மேல் போக வேண்டுமானால் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் கைவேலையை அதோடு நிறுத்துங்கள்.

முதுகையும் நினைத்துக்கொள்ளுங்கள். கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. அதாவது ஒரு ஆள். தொலைக்காட்சிப் பெட்டி அளவு தெரிகிற கல்லை ‘இதென்ன’ என்று குனிந்து தூக்கப் போய், நான் இரண்டு வாரம் படுத்துக்கிடந்தேன். கடப்பாரையால் நெம்பி உருட்டுங்கள், சாக்கில் வைத்து இழுங்கள்.

இப்போது உங்கள் குவியலில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2016இல் மத்திய அரசு கட்டடக் கழிவு விதிகளைக் கொண்டுவந்தபோது, நாளுக்கு 20 டன் இடிக்கிறவர்கள் அதைக் கான்கிரீட், மண், செங்கல்லும் சாந்தும், பிறகு இரும்பு மரம் பிளாஸ்டிக் என்று நான்காகப் பிரிக்க வேண்டும் என்று சொன்னது. ஒற்றை வீட்டுக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆனால் பிரித்துக் குவிக்கிற பழக்கம் நமக்கும் நல்லது. இடிக்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எல்லாம் கலந்த பிறகு பிரிக்க முடியாது. அரிசியில் கல் பொறுக்குகிற கதையாகிவிடும்.

இருப்பதிலேயே அருமையான சரக்கு உடைந்த செங்கல். பலருக்கு இது தெரிவதில்லை, கருங்கல்லைத் தேடிப் போகிறார்கள். செங்கல் தண்ணீர் குடிக்கும். சாதாரணச் செங்கல்லை 24 மணி நேரம் ஊறவைத்தால் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் ஏறக்கூடாது என்பது நம் தர நிர்ணய விதி. கட்டடக்காரனுக்கு அது குறை. செடி வளர்ப்பவருக்கு வரம். மூன்று கிலோ செங்கல் அரை லிட்டர் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். ஆர்க்கிட், ஆந்தூரியம் வளர்ப்பவர்கள் கரியோடு செங்கல் சில்லைப் போடுவது இதனால்தான். பழைய சுண்ணாம்பு வீட்டுச் செங்கல்லை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, சலித்து, தூளை நீக்கி, தொட்டிகளுக்கு அடியில் போடுங்கள். பாதைக்குப் போடுங்கள். மழைநீர்க் குழிக்கும் போடலாம். 2003இல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாகத் தோண்டிய குழிகள் எத்தனையோ இன்று மண் மூடிக் கிடக்கின்றன. அதைத் தூர்வாரிக் கழுவிய செங்கல் கட்டிகளால் நிரப்பி, மேலே கூழாங்கல் பரப்பி, சுற்றிலும் கல் அடுக்கி விட்டால் அதுவே தோட்டத்தில் பார்க்கத்தக்க இடமாகிவிடுகிறது. என் வீட்டில் அந்த வட்டத்தின் விளிம்பில்தான் பேரப்பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

கான்கிரீட் பலகைகள் இரண்டாவது. தளத்தை உடைக்கும்போது ஒருபக்கம் வழவழப்பாக, நான்கு அங்குலக் கனத்தில் தட்டைத் தட்டையாக வரும். அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இதற்கு ‘அர்பனைட்’ என்று பாறை போலவே பேர் வைத்து, நகரத்தில் விளைகிற கல் என்று கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் இது நல்ல கல். வழவழப்பைக் கீழே போட்டு, சொரசொரப்பை மேலே வையுங்கள், மழையில் வழுக்காது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை அறுத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். பழைய மொசைக் தரைத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். ரெட் ஆக்சைடு தரையைப் பெயர்த்துக் காப்பாற்ற நான் ஆனமட்டும் பார்த்தேன். அது அப்பளம்போல் நொறுங்கியது.

ஒரு எச்சரிக்கை. சிமெண்ட் காரமானது. புதிதாக உடைத்த கான்கிரீட் தூள் மண்ணில் கலந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் செடியால் எடுக்க முடியாது. இட்லிப்பூச் செடியில் இது உடனே தெரியும்: இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நாம் உரம் போதவில்லை என்று நினைத்து உரம் உரமாகப் போடுவோம். என் செம்பருத்தி வரிசை ஒன்று அப்படித்தான் வீணானது. கான்கிரீட் கல்லைக் கழுவி வையுங்கள்; தூளைத் தோட்டத்தில் சேர்க்காதீர்கள்; அதன் ஓரத்தில் அரளி, கற்றாழை மாதிரி முரட்டுச் செடிகளை வையுங்கள்.

இரண்டு பொருள் தோட்டத்துக்குள் வரவே கூடாது. ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு. உடைத்தாலும் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். நுரையீரலில் போய் உட்கார்ந்தால் பல ஆண்டு கழித்துத்தான் காட்டும். உடைந்த தகட்டைப் பாத்தி ஓரத்தில் குத்தி வைத்திருக்கிற தோட்டங்களை நானே பார்த்திருக்கிறேன். இன்னொன்று பழைய பெயிண்ட் உரிகிற துண்டுகள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது. அதற்கு முந்திய கதவு, சன்னல், கம்பி அழிகளில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கீரை போடுகிற பாத்திக்குப் பக்கத்தில் அவை வேண்டாம்.

இங்கிலீஷ் புத்தகங்களைப் பார்த்துக் கல் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பாறைத் தோட்டம் என்பது ஆல்ப்ஸ் மலைச் செடிகளுக்காக வந்தது. தெற்குப் பார்த்த சுவர் நல்லது, வெப்பம் தங்கும் என்று எழுதியிருப்பார்கள். குளிருக்கு நடுங்குகிற ஊருக்கு அது சரி. நமக்கு வெப்பம் தங்கி என்ன செய்ய? சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. வடக்கு தெற்கு என்ற பேதமே பெரிதாக இல்லை. நம்மை வாட்டுவது மேற்கு வெயில். கல் பகலெல்லாம் சூட்டை வாங்கி ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டிருக்கும். படுக்கையறைச் சுவரை ஒட்டி மேற்கே கற்பாறை குவித்தால் கத்திரி வெயிலில் அதன் அருமை தெரியும். கல்லை மரத்தின் நிழல் விழுகிற இடத்தில் வையுங்கள். வேம்பு, புங்கை எது இருந்தாலும் அதன் கீழே. என் கொத்தனார் மட்டும் கனமெல்லாம் கன்னிமூலையில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அங்கே ஏற்கெனவே ஒரு மாமரம் இருந்ததால் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

அந்த மாமரத்துக்கு அருகே, கொஞ்சம் வெயில் எட்டிப்பார்க்கும் இடத்தில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டு ஏறுகிற கல் பாத்தி ஒன்று இருக்கிறது. ஆறடி விட்டம், நடுவில் இடுப்பு உயரம். செங்கல்லும் கருங்கல்லும் கலந்தது. உச்சியில் தண்ணீர் நிற்காது. அங்கே கற்றாழையும் ஓமவல்லியும். நடுச்சுற்றில் துளசி. அடியில் வடிகிற ஈரத்துக்கு வல்லாரையும் புதினாவும். ஒரே குடத் தண்ணீரை உச்சியில் ஊற்றினால் எல்லோரும் அவரவர் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வடிவத்தைப் பரப்பியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்மாகல்ச்சர் ஆசிரியர் பில் மாலிசனும் அவர் வழியில் வந்தவர்களும்.

வீட்டை இடிக்கும்போது அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை எல்லாம் கொல்லையிலிருந்து எழுந்து வரும். ஆட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுப் பறவைக்கு வைக்கலாம் என்பது எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை. குருவிகளுக்கு இரண்டு அங்குல ஆழம்தான் வேண்டும். குழியில் கூழாங்கல் நிரப்பி ஆழத்தைக் குறையுங்கள். டெங்கு ஒழிப்பு நோட்டீஸ்களில் டயர், தேங்காய்ச் சிரட்டையோடு ஆட்டுக்கல்லின் பேரும் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டிக் கழுவி ஊற்ற முடிந்தால் வையுங்கள். முடியாதென்றால் மண் நிரப்பிப் பத்துமணிப்பூ நடுங்கள்.

பழைய கல்லை எடுத்துப் புதிதாகக் கட்டுவது எல்லாமே புண்ணியம் என்று நான் சொல்லிவிட்டதாக நினைக்கக் கூடாது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். கல் எங்கிருந்து வந்தது? கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து. ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் மதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணை வயலுக்குத் தண்ணீர் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லில் எழுதியிருந்தது என்ன என்று இனி யாரும் படிக்க முடியாது. இன்றைக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் நடுகல் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்து பிறகு கண்டுபிடிக்கப்படுவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். பிரசவத்தில் இறந்த பெண்ணுக்காக வழியோரத்தில் நட்ட சுமைதாங்கிக் கல்லை நர்சரிக்காரர் ஒருவர் ‘கார்டன் பெஞ்ச் சார்’ என்று எனக்கே விலை சொன்னார். உங்கள் குவியலில் எழுத்தோ உருவமோ உள்ள கல் அகப்பட்டால் அதைத் தனியே வைத்து, தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். தாத்தா வீட்டுப் படிக்கல்லை என் பாத்தியில் வைக்க எனக்கு உரிமை உண்டு. ஊர்க் கல்லை வைக்க இல்லை.

கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன. ஏழில் ஐந்து சீட்டு ஒரே கேள்வி. எதிர்பார்த்ததுதான்: ‘கல்லை அடுக்கினால் பாம்பு வராதா?’

வரும். கல்லுக்காக வராது, எலிக்கும் தவளைக்கும் வரும். லாரியில் வந்த குவியலை மாதக்கணக்கில் அப்படியே போட்டு வைத்தால் உள்ளே எலி வளை போடும், அதன் பின்னால் நாகமோ கண்ணாடிவிரியனோ வரும். நெருக்கமாக அடுக்கி, சந்துகளில் மண்ணும் சக்கையும் இறுக்கி, செடி நட்டுவிட்ட சுவரில் அந்த இடம் குறைவு. அரணையும் ஓணானும் குடியிருக்கும். இருக்கட்டும், அவை பூச்சி தின்னும். வாசலை ஒட்டியும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் கல் அடுக்க வேண்டாம். பழைய குவியலைக் கலைக்கும்போது கையை விடாமல் கடப்பாரையால் புரட்டுங்கள், பூட்ஸ் போடுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். தேள் கல்லுக்கு அடியில்தான் படுத்திருக்கும், எனக்கு இரண்டு தடவை தெரியவந்தது. பாம்பு கடித்தால் கல் வைத்து உறிஞ்சுகிறேன், வேர் தருகிறேன் என்பவரிடம் போகாமல் நேரே அரசு ஆஸ்பத்திரி.

இன்னொரு சீட்டு: ‘எங்களிடம் இடிக்க வீடு இல்லையே, ரப்பிஷ் எங்கே வாங்குவது?’ இந்தக் கேள்வி கேட்கிற காலம் வரும் என்று நான் நினைத்ததில்லை. உங்கள் தெருவில் எங்கே பச்சை வலை கட்டியிருக்கிறதோ அங்கே மேஸ்திரியைப் பாருங்கள். லாரிக்குக் கொடுக்கிற காசு மிச்சம் என்று அவரே குட்டியானையில் ஏற்றி அனுப்புவார். வேலை நடக்கும்போதே போனால் நல்ல கல்லாகப் பொறுக்கிக்கொள்ளலாம். ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி, வாங்கிப் பாருங்கள்; ஏறக்குறைய நான்கு டன் வரும். சின்னத் தோட்டத்துக்கு அதுவே அதிகம்.

கடைசிச் சீட்டில் ஒரு அம்மா, ‘உங்கள் தாத்தா வீட்டுச் செங்கல் மிச்சம் இருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது, அம்மா. கொல்லைச் சுவரோரம் அறுநூறு கல் அடுக்கி, மேலே தென்னோலை போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்கோடு வாருங்கள். சும்மாவே தருகிறேன். எங்கே, எப்படி வைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன். சிமெண்ட் போட்டுப் பூசுவேன் என்றால் கல் கிடையாது, காபி மட்டும்தான்.